மதுரைக்குப் போனோம், யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லை

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

கடன், தவணைன்னா தடங்கல் இல்லாமல் பேசிருவேன். ஊர் சுத்திட்டு வந்த கதையைச் சொல்லச் சொன்னதுதான் கூச்சமாக இருக்கு.

"மதுரைக்குப் போறேன்"னு வீட்டில் சொன்னதும் என் மாமியார் கேட்டது, "யாருக்கு என்னடி ஆச்சு?" அவங்க கேட்டதில் தப்பில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற நம்ம ஊர்களில் மதுரைன்னா பெரியாஸ்பத்திரிதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் அங்கே 23 நாள் இருந்தேன். என் நாத்தனார், அதாவது மாமியாரோட மகள், மருந்து ரூமில் தீப்பிடிச்சு ரெண்டு கையும் கழுத்தும் வெந்து கிடந்தாள். அந்த 23 நாளில் வார்டு, வராண்டா, டீக்கடை தவிர வேற மதுரையை நான் பார்க்கவில்லை. கோயில் கோபுரத்தைக் கூடப் பார்க்கவில்லை.

அவள் பிழைச்சு வந்தாள். ஆனால் கல்யாணம், சடங்கு எதுக்கும் வரமாட்டாள். கடைக்குப் போனாலும் முந்தானைக்குள் கையை மூடிக்குவாள். அவளையும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். மாமியார் ஒண்ணும் பேசலை. கிளம்புற அன்னைக்கு விடியக்காலம் முந்தி முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை அவள் கையில் வச்சாங்க.

சங்கப் பணத்தில் ஊர் சுத்தினோம்னு சிலர் பேசினது என் காதுக்கும் வந்தது. ஒரு பைசா எடுக்கவில்லை. வாரம் பத்து ரூபாய்னு தனியா எழுதிச் சேர்த்த காசு அது. தீபாவளி முடிஞ்சு பட்டாசு ஆபீஸ் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம், ஒரு சனிக்கிழமை, 18 பேரும் பிள்ளைகளும் வேன் ஏறினோம்.

கோரிப்பாளையம் வந்ததும் டிரைவர், "ராஜாஜி கிட்ட வந்தாச்சு"ன்னார். அவர் சொன்னது ராஜாஜி சிறுவர் பூங்காவை. ஆஸ்பத்திரிக்கும் அதே ராஜாஜி பேர்தானே, அதுவும் அங்கேதானே இருக்கு. என் நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடிச்சவள், வேன் தமுக்கத்தில் நிற்கிற வரைக்கும் விடவில்லை.

தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிற கட்டடம் ராணி மங்கம்மாளோட அரண்மனை. பேரன் சின்னப் பிள்ளையாக இருந்ததால் 1689-லிருந்து அந்தம்மாதான் ஆட்சி நடத்தினாங்க. சாலை போட்டாங்க, சத்திரம் கட்டினாங்க. "அத்தனைக்கும் கணக்கு எழுதினது யாரோ"ன்னு எங்க கணக்காளர் அக்கா கவலைப்பட்டாங்க. 1959 ஏப்ரல் 15-ல் நேரு வந்து அருங்காட்சியகத்தைத் திறந்து வச்சிருக்கார். காந்தி சட்டையை விட்டுட்டு முழத்துண்டு கட்ட ஆரம்பிச்சதும் மதுரையில்தான், 1921 செப்டம்பரில்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒரு துணி இருக்கு. சுடப்பட்ட அன்னைக்கு காந்தி உடுத்தியிருந்தது, இரத்தக் கறையோட. எல்லாரும் பார்த்துட்டு நகர்ந்துட்டோம். என் நாத்தனார் மட்டும் நகரவில்லை. தீப்பிடிச்ச அன்னைக்கு அவள் கட்டியிருந்த சேலையை ஒரு பையில் போட்டு எங்க கையில் கொடுத்தாங்க. மாமியார் அதை எறியவும் இல்லை, எரிக்கவும் இல்லை, பரணில் வச்சிருக்காங்க. அது அவளுக்கும் தெரியும். "கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க மதினி"ன்னு மட்டும் சொன்னாள்.

மத்தியானம் மரத்தடியில் புளிச்சோறும் துவையலும். சாப்பிட்டுட்டு ரெண்டு பேர் அப்படியே தூங்கிட்டாங்க. பகலில் படுத்துத் தூங்கினது பிரசவத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான்னு ஒருத்தி எழுந்து சொன்னாள்.

அப்புறம் பூங்கா. என் மகள் ஊஞ்சலில் ஏறிக்கிட்டு, "அத்தை, தள்ளு"ன்னாள். தள்ளணும்னா முந்தானையிலிருந்து கையை எடுக்கணுமே. எடுத்தாள். விரல் மடங்காது, உள்ளங்கையால் தள்ளினாள். பக்கத்து ஊஞ்சலில் இருந்த, யார் வீட்டுப் பையனோ, "கையில என்ன ஆன்ட்டி?"ன்னு கேட்டுட்டான். எனக்கு மூச்சே நின்னு போச்சு. அவள், "தீ பட்டுருச்சுப்பா"ன்னாள். "சரி, என்னையும் தள்ளுங்க"ன்னான். கொஞ்ச நேரத்தில் நாலஞ்சு பிள்ளைகள் வரிசையில் நிக்குது! நாங்க கூப்பிடக் கூப்பிட வரவில்லை, இருட்டுற வரைக்கும் தள்ளிக்கிட்டே இருந்தாள்.

திரும்பும்போது கோரிப்பாளையத்தில் அவளைப் பார்த்தேன். நல்ல தூக்கம்.

அடுத்த பயணத்துக்கு வாரம் பத்து ரூபாய் எழுத ஆரம்பிச்சாச்சு. நோட்டு கணக்காளர் அக்காகிட்ட இருக்கு. முதல் வரியில் இருக்கிறது என் மாமியார் பேர். அவங்க குழுவில் உறுப்பினர் இல்லை, சேர்த்துக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்.