ஒரு மனு, ஒரு முக்கியக் கோரிக்கை

(சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்று ஒரு சிற்றூர். 1996 மார்ச் 13 காலை, அங்குள்ள ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஒருவன் நான்கு கைத்துப்பாக்கிகளுடன் நுழைந்தான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 16 பேரையும் அவர்களுடைய ஆசிரியையையும் கொன்றுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டான். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி அன்று அதே பள்ளியில் எட்டு வயது மாணவர்.

அந்தத் துப்பாக்கிகளுக்கெல்லாம் முறையான உரிமம் இருந்தது. பெற்றோரை அதிகம் உறுத்தியது இதுதான். 1987-இல் இங்கிலாந்தில் ஹங்கர்போர்டு என்ற ஊரிலும் இப்படி 16 பேர் செத்திருந்தார்கள். அப்போது சில ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள், கைத்துப்பாக்கியை விட்டுவிட்டார்கள்.

டன்பிளேன் பெற்றோரில் வெளியே வந்து பேசாதவர்களும் உண்டு. அதில் தப்பில்லை. பேச முன்வந்தவர்களோடு ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆன் பியர்ஸ்டன் என்ற பெண்மணியும் சில நண்பர்களும் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். அந்தக் குளிரில் அங்கே பூத்திருந்த ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூவின் பெயரையே இயக்கத்துக்கு வைத்தார்கள்.

மனு துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பேசியது. அதன் முக்கியக் கோரிக்கை: தனியார் கையில் கைத்துப்பாக்கி கூடாது. நாமாக இருந்தால் தெருவிளக்கு, குப்பை வண்டி, கொசு மருந்து எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருப்போம்! சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. வங்கியில் கையெழுத்து சரிபார்த்தே காலம் கழித்த எனக்கு அந்த எண்ணிக்கை மலைப்பாக இருக்கிறது.

அரசு இறங்கி வந்தது, ஆனால் பாதிதான். 0.22 அங்குலத்துக்கு மேற்பட்ட குண்டு போடும் கைத்துப்பாக்கிகளுக்கு மட்டும் தடை. "கிடைத்தவரை லாபம்" என்று கணக்கை முடித்துக்கொள்ளும் இடம் அது. இவர்கள் முடிக்கவில்லை. சின்னக் குண்டு பட்டாலும் பிள்ளை சாகத்தானே செய்யும்? எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் மாநாட்டு மேடையிலேயே ஆன் பியர்ஸ்டன் பேசினார். 1997 மே மாதம் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு நவம்பரில் இரண்டாவது சட்டம் வந்து, மிச்சமிருந்த சிறு ரகத்துக்கும் தடை விதித்தது. மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகள் 1,50,000-க்கும் மேல். அரசு நஷ்டஈடு கொடுத்தது.

துப்பாக்கிப் போட்டி வீரர்கள் வெளிநாடு போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தராசில் எதிர்த்தட்டில் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களே.

2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில், பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்த மாணவர்கள் சட்டம் கேட்டுத் தெருவுக்கு வந்தபோது, டன்பிளேன் குடும்பத்தார் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அப்போது 22 வருஷம் ஆகியிருந்தது.