இந்துலேகா: அன்பும் அறிவும்



படித்த பெண்ணுக்கு மனம் கல்லாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆசை வந்தால் அறிவு போய்விடும் என்றும் சொல்வார்கள். இது சரிதானா? ஒரு கதையைக் கேட்போம்.

கேரளத்தில் 1889-ஆம் ஆண்டு ஒரு மலையாள நாவல் வெளிவந்தது. அதன் பெயர் 'இந்துலேகா'. எழுதியவர் ஓ. சந்துமேனோன். அவர் முன்சீப்பாக வேலை பார்த்தவர்.

இந்துலேகா இளம்பெண். தாய்மாமன் அவளைப் படிக்க வைத்தார். ஆங்கிலமும் சமஸ்கிருதமும் இசையும் கற்றாள். உறவுக்காரனான மாதவனை விரும்பினாள். மாதவன் சட்டம் படித்தவன்.

வீட்டுக்குப் பெரியவர் தாத்தா பஞ்சுமேனோன். குடும்பத்துச் சிறுவன் ஒருவனை ஆங்கிலம் படிக்க அனுப்ப வேண்டும் என்றான் மாதவன். தாத்தாவுக்குக் கோபம் வந்தது. இந்துலேகாவை மாதவனுக்குத் தர மாட்டேன் என்று சபதம் செய்தார். சூரி நம்பூதிரிப்பாடு என்ற பணக்காரரை வரவழைத்தார்.

இந்துலேகா அவரை நேரில் பார்த்தாள், பேசினாள். பணத்தைக் கண்டு மயங்கவில்லை. பெரியவர்களுக்குப் பயந்து தலையாட்டவும் இல்லை. முடியாது என்று உறுதியாக நின்றாள். அவளுடைய அன்புக்கு அவளுடைய அறிவே காவல்.

வெறுங்கையோடு திரும்ப நம்பூதிரிப்பாடு வெட்கப்பட்டார். அதே குடும்பத்தில் கல்யாணிக்குட்டி என்ற சின்னப் பெண்ணை மணந்தார். விடிவதற்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

நம்பூதிரிப்பாடு இந்துலேகாவைத்தான் மணந்துகொண்டார் என்று வதந்தி பரவியது. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த மாதவன் வழியிலேயே இதைக் கேட்டான். உடனே நம்பினான். இந்துலேகாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனம் உடைந்து வடநாட்டுக்குப் போய்விட்டான். சட்டம் படித்தவன், சாட்சியை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டான்!

பிறகு உறவினர்கள் தேடிப்போய் அவனை அழைத்து வந்தார்கள். தாத்தாவும் மனம் மாறினார். இருவருக்கும் திருமணம் நடந்தது.

இந்துலேகாவுக்கும் ஆசை உண்டு, துக்கம் உண்டு. ஆனாலும் அவள் யோசிப்பதை நிறுத்தவில்லை. மாதவனுக்கும் அறிவு உண்டு. துக்கம் வந்தபோது அதைப் பயன்படுத்த மறந்தான்.

கல்யாணிக்குட்டியை மறக்கலாமா? 18 வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது இன்று சட்டப்படி குற்றம். வயது வந்த பெண்ணாக இருந்தாலும் அவள் சம்மதம் வேண்டும்.

உங்கள் வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் யாரைக் கேட்பீர்கள்? கூடிப் பேசுங்கள். பெண்களும் பேசட்டும்.