குடத்துக்குள் யார் பெயர்?

(புள்ளலூரில் இளைஞர்களும் மாணவர்களும் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் ஒரு முன்னாள் குடியரசுத் தலைவர் தன் மனைவிக்காக ஓட்டுக் கேட்ட கதையைப் பேச ஒருத்தன் புள்ளலூருக்கு வந்திருக்கானேன்னு உங்களுக்குத் தோணலாம். அந்தக் கதையை நான் உத்திரமேரூரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பராந்தகச் சோழன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கு. குடவோலை முறை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடிகூட இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறார்கள். சரி. கல்வெட்டை முழுசாப் படிங்க. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வயசு 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதத் தெரிஞ்சிருக்கணும். பார்ப்பனச் சபைக்குப் பார்ப்பனர் போட்ட சல்லடை அது. நம்ம பாட்டன் பேரு ஓலைக்கே வரல. பாட்டி பேரைப் பத்திப் பேச்சே கிடையாது.

குடத்திலிருந்து எடுத்த கை குழந்தையோட கை. அதில் சூது இல்லை. சூதெல்லாம் குடத்துக்கு வெளியே, அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. தேர்தலுக்கு முன்னால் நடக்கிற இந்தத் தேர்தல்தான் இன்னிக்கு என் பேச்சு.

அமெரிக்காவில் இதை வெளிப்படையாகவே நடத்துகிறார்கள். பிரைமரி என்று பெயர். கட்சி வேட்பாளர் யார் என்பதைக் கட்சி ஆதரவாளர்களான சாதாரண ஜனங்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தென் மாநிலங்களில் இந்தப் பிரைமரியையே வெள்ளையர் சுவராகக் கட்டினார்கள். அங்கே அப்போ ஜனநாயகக் கட்சி வச்சதுதான் சட்டம். பிரைமரியில் ஜெயிச்சவர் பதவியில் உட்கார்ந்த மாதிரிதான். அதனால் பிரைமரியில் கறுப்பர் ஓட்டுப் போடக்கூடாது என்று வைத்துவிட்டால் போதும், பொதுத்தேர்தலில் அவர் ஓட்டு வெறும் காகிதம். 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் வழக்கில் இது செல்லாது என்றது. உடனே தென் கரோலினா என்ன செய்தது தெரியுமா? பிரைமரி பற்றிய சட்டங்களையெல்லாம் ரத்து செய்துவிட்டு, கட்சி என்பது தனியார் சங்கம், அதில் யாரைச் சேர்ப்பது என்பது எங்க இஷ்டம் என்றது. ஊர்க் கோயில் ஊருக்குச் சொந்தம், சேரி வெளியே நிக்கட்டும் என்பதுபோல. ஜார்ஜ் எல்மோர் என்ற கறுப்பின வியாபாரி வழக்குப் போட்டார். 1947இல் வேரிங் என்ற வெள்ளை நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். எல்மோரின் வியாபாரம் நொடித்துப் போனது. நீதிபதியைச் சொந்தச் சாதியே ஒதுக்கி வைத்தது. கடைசியில் அவர் மாநிலத்தை விட்டே போனார்.

அறுபது வருஷம் கழித்து, அதே தென் கரோலினாவில், அதே ஜனநாயகக் கட்சிப் பிரைமரி. நாள் 2008 ஜனவரி 26. நமக்குக் குடியரசு தினம். ஒரு பக்கம் ஹிலாரி கிளிண்டன், இன்னொரு பக்கம் பராக் ஒபாமா. மூன்றாவதாக ஜான் எட்வர்ட்ஸ். ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். மனைவிக்காக ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டவர் பில் கிளிண்டன். 1993 முதல் 2001 வரை இரண்டு முறை குடியரசுத் தலைவராக இருந்தவர்.

சாதாரண ஆள் இல்லை அவர். கறுப்பின மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி நினைத்தார்கள். அவர்களுடைய தேவாலயங்களில் போய்ப் பேசுவார், பாடுவார். 1998இல் டோனி மாரிசன் அவரை முதல் கறுப்பினக் குடியரசுத் தலைவர் என்று எழுதினார். விசாரிக்கிறதுக்கு முன்னாடியே குற்றவாளி ஆக்கப்பட்ட விதத்தைத்தான் அந்த அம்மா சொன்னார். ஜனங்க அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2007இல் கருத்துக் கணிப்புகளில்கூடக் கறுப்பின மக்களிடையே ஹிலாரிதான் முன்னால் இருந்தார். அந்த ஓட்டு நம்ம வீட்டுப் பெட்டியில் இருக்கிற ஓட்டு என்று குடும்பமே நினைத்தது.

2008 ஜனவரி 3 அன்று வெள்ளையர் நிறைந்த அயோவாவில் ஒபாமா ஜெயித்தார். அதற்கப்புறம்தான் நிலைமை மாறியது. இவன் ஜெயிக்க முடியும் என்று தெரிந்ததும் ஜனங்க திரும்பிப் பார்த்தார்கள். பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. ஈராக் போரில் ஒபாமாவின் நிலைப்பாடு பற்றிய பேச்சையெல்லாம் தேவதைக் கதை என்றார். அதே சமயத்தில் ஹிலாரி, மார்ட்டின் லூதர் கிங்கின் கனவு நனவாக ஜான்சன் என்கிற குடியரசுத் தலைவர் தேவைப்பட்டது என்றார். 1964 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜான்சன்தான், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் அடிபட்டவனைவிடப் பேனா பிடித்தவன் பெரியவன் என்கிற தொனி இருக்கே, அது நமக்குப் பழக்கமான தொனி. 'கோயிலைத் திறந்துவிட்டது நாங்கதானே' என்பார்களே, அந்தத் தொனி.

ஓட்டுப் பதிவு நாளன்று நிருபர்கள் கேட்ட கேள்வி ஒன்று. பில் கிளிண்டன் சொன்ன பதில் வேறொன்று. ஜெஸ்ஸி ஜாக்சன்கூட 1984லயும் 1988லயும் தென் கரோலினாவில் ஜெயித்தார், நல்லாத்தான் பிரச்சாரம் செய்தார், ஒபாமாவும் நல்லாத்தான் செய்திருக்கார் என்றார்.

இதில் திட்டு எங்கே இருக்கு? எங்கேயும் இல்லை. பாராட்டு மாதிரிதான் இருக்கு. ஆனால் ஜெஸ்ஸி ஜாக்சன் பெயரை யாரும் கேட்கவே இல்லை. ஜாக்சன் கறுப்பர், ஒபாமா கறுப்பர். இந்த ஊர்ல அந்த ஜனங்க அதிகம், அதனால ஜெயிச்சார், இதுக்குமேல ஒண்ணுமில்ல. அதுதான் அர்த்தம். நம்ம ஊர்ல சொல்வாங்களே, 'அவர் உங்க ஆளுங்க, உங்க தெரு ஓட்டு அவருக்குத்தான்'. ஒரு தலித் ஜெயித்தால் அது சாதி ஓட்டு. மத்தவன் ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு. சாதிப் பேரைச் சொல்லாமலே சாதிக்குள்ள தள்ளுகிற வித்தை இது.

முடிவு என்ன ஆச்சு? ஒபாமாவுக்கு நூற்றுக்கு 55. ஹிலாரிக்கு 27க்கும் கீழே. கறுப்பின வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர் ஒபாமாவுக்குப் போட்டார்கள். இரண்டு நாளில் எட்வர்ட் கென்னடி ஒபாமாவை ஆதரித்தார். டோனி மாரிசனும் ஆதரித்தார். செல்மா பாலத்தில் போலீஸ் அடியில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ், ஹிலாரியை ஆதரித்திருந்தவர், பிப்ரவரி கடைசியில் ஒபாமா பக்கம் வந்தார்.

பெட்டிக்குள்ள இருக்கிறதா நினைத்த ஓட்டு பெட்டிக்குள்ள இல்லை. அன்பு கொடுத்தது ஜனங்கதான், எழுதிக் கொடுக்கல. அந்த அன்பை மனைவி பேருக்கு மாத்திக் கொடுக்கிற உரிமை கணவனுக்குக் கிடையாது.

அன்பு எதுக்கு விலையாக் கொடுத்தது என்பதையும் பார்க்கணும். 1992 ஜனவரியில் முதல் முறை போட்டியிட்டபோது, ஆர்கன்சாஸ் ஆளுநரான கிளிண்டன் பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார், ரிக்கி ரே ரெக்டர் என்ற கறுப்பின மனிதனின் மரண தண்டனை நடக்கும்போது அங்கே இருப்பதற்காக. ரெக்டர் ஒரு போலீஸ்காரரைக் கொன்றவர். அப்புறம் தன்னையே சுட்டுக்கொண்டதில் மூளை சிதைந்தவர். கடைசிச் சாப்பாட்டின் இனிப்பை அப்புறம் சாப்பிடலாம் என்று எடுத்து வைத்துவிட்டுச் செத்துப்போனார். சாவு என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரின் சாவில் வெள்ளை வாக்காளருக்கு ஒரு சேதி அனுப்பப்பட்டது. 1994இல் கையெழுத்திட்ட குற்றவியல் சட்டம் சிறைகளைப் பெருக்கியது. அது நிலைமையை மோசமாக்கியது என்று 2015இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் 2016 ஏப்ரலில், மறுபடி ஹிலாரிக்காகப் பேசப்போன பிலடெல்பியாவில், கேள்வி கேட்ட கறுப்பின இளைஞர்களோடு மேடையிலிருந்தே சண்டைக்கு நின்றார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அதே 2016 பிப்ரவரியில் தென் கரோலினாக் கறுப்பின மக்கள் பெருவாரியாக ஹிலாரிக்கே போட்டார்கள். நூற்றுக்கு 73க்கு மேல் வாங்கினார். ஆக, ஹிலாரி மேல் பகை இல்லை. நாங்க கொடுத்தாத்தான் உனக்கு, நீயா எடுத்துக்க முடியாது. அவ்வளவுதான். ஒபாமாவையும் தெய்வமாக்க வேண்டாம். அவர் ஆட்சியில்தான் 2014இல் பெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற பிள்ளையைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

தோழர்களே, இப்போ நம்ம வாசலுக்கு வருவோம். பெரிய பதவியில் இருந்த மனுஷன் தன் மனைவிக்காகச் சாதாரண ஜனங்களிடம் கையேந்தி, தோற்றும் போனார். நம்ம நாட்டில் அந்தச் சிரமம்கூட இல்லை. 1997 ஜூலையில் லாலு பதவி விலகினார், ராப்ரி தேவி முதலமைச்சரானார். பீகார் ஜனங்களை யாரும் கேட்கவில்லை. சமூக நீதி பேசின கட்சிதான் அதுவும்.

நமக்கும் ஒரு காலத்தில் பிரைமரி இருந்தது. 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தம். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும்கூடக் கையெழுத்திட்டது. காந்தியின் உண்ணாவிரதம் நம்ம தனி வாக்காளர் தொகுதியைப் பிடுங்கிக்கொண்டது. மிச்சம் வைத்தது ஒன்று: ஒவ்வொரு தனித்தொகுதி இடத்துக்கும் முதலில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுப்பது, அந்த நாலு பேரிலிருந்து எல்லாரும் சேர்ந்து ஒருவரை எடுப்பது. இரண்டாம் கட்டத்தில் சாதி இந்துக்கள் ஓட்டுதான் தீர்மானித்தது. நம்ம ஜனங்க முதலில் நிறுத்தியவர் கடைசியில் தோற்றார். அம்பேத்கர் 1946இல் பிரிட்டிஷ் அரசிடம் இதைத்தான் முறையிட்டார். அரசியல் சட்டம் வந்தபோது அந்த அரைகுறை முதற்கட்டத் தேர்தலும் இல்லாமல் போனது. நாலு பேர் பெயரைச் சொல்கிற உரிமையும் போச்சு.

அப்புறம் நம்ம குடத்தில் பெயர் போட்டது யார்? பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கின பஞ்சாயத்துகள். பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை. ஊர் கூடித் தங்களுக்கு அடங்கின ஒரு தலித்தை நிறுத்துவார்கள், ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்குவார்கள். தென் கரோலினா வெள்ளையர் பிரைமரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. ஊர் சொல்லை மீறி நின்று ஜெயித்த மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30 அன்று இன்னும் ஐந்து பேரோடு வெட்டினார்கள்.

பெண்கள் விஷயம். 1996இல் மூன்றில் ஒரு பங்கு, 2016 சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் பாதி இடம். நல்லது. ஆனால் வங்கியில் உட்கார்ந்து நான் பார்த்தது என்ன? தலைவரம்மா கவுண்டரில் நின்றுகொண்டு கையெழுத்துப் போடும். வீட்டுக்காரர் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து பேசுவார். காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போடணும். தலைவர் சேரிப் பெண், துணைத் தலைவர் ஊர்க்காரர் என்றால் மாசக்கணக்கில் அந்த இரண்டாவது கையெழுத்து வராது. ஹிலாரி தானாகவே செனட்டராக இருந்தவர், தனக்கென்று அரசியல் உள்ளவர். அவரையே கணவரின் நிழல் விழுங்கப் பார்த்தது என்றால், கூலிக்குப் போகிற நம்ம அக்காவுக்கு எவ்வளவு கஷ்டம்?

காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதி 2009 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. வேட்பாளர் யார் என்று எந்தக் கட்சியாவது நம்ம சேரிக்கு வந்து ஒரு தடவை கேட்டதுண்டா? சென்னையில் நேர்காணல், சென்னையில் பட்டியல். பேப்பரில் பார்த்துத்தான் நம்ம 'பிரதிநிதி' பேரு நமக்கே தெரியுது.

கட்சிகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நம்ம இயக்கத்துக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். வார்டுத் தேர்தலா, கூட்டுறவுச் சங்கமா, எதுவானாலும் நம்ம சார்பில் நிற்பவர் யார் என்று தெருவில் பெட்டி வைத்து, பெண்களையும் பதினெட்டு வயசுப் பிள்ளைகளையும் ஓட்டுப் போடச் சொல்லி முடிவு செய்யுங்க. முன்னாள் தலைவரின் மனைவி நிற்கலாம், மகன் நிற்கலாம். யாரையும் தடுக்க வேண்டாம். ஆனால் அந்த அம்மா தன் வாயால் பேசட்டும். இவருக்கு நாங்க என்னென்ன செய்தோம் என்ற கணக்கோடு தலைவர் மேடை ஏற வேண்டாம். கீழே, ஜனங்களோடு உட்கார்ந்து ஒரு ஓட்டு மட்டும் போடட்டும். அந்த ஒரு ஓட்டுதான் அவருக்குச் சொந்தம்.

குடம் யார் வீட்டுக் குடமாவும் இருக்கட்டும். ஓலையில் பெயர் எழுதுகிற கை இனி நம்ம கையா இருக்கணும்.

ஜெய் பீம்.