ஓசையறிந்து படித்தல்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூன்றாம் வகுப்பை எட்டிய பின்னும் ஒரு வரியைத் தாமாகப் படிக்கவியலாத பிள்ளைகள் நம் மஹல்லாவில் உள்ளனர். கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்தெழுதுவர். படிக்கச் சொன்னால் தலைகுனிவர். இக்குறை பழையது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்குள் அது பெருகிவிட்டது. அதைக் களையவே அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்று நாம் வாளாவிருத்தல் தகாது.

கோவையின் ஆங்கிலப் பள்ளிகள் ‘ஃபோனிக்ஸ்’ என்று பெருமையுடன் கூறும் முறை நமக்குப் புதிதன்று. மக்தபில் உஸ்தாத் ‘மீம் ஜபர் ம, நூன் ஜேர் நி’ எனக் கூட்டிச் சொல்லித் தந்ததை நினைவுகூருங்கள். அவ்வாறு பயின்ற சிறுவன் முன்பின் காணாத சொல்லையும் கூட்டிப் படித்துவிடுகிறான். தமிழிலோ ‘க, கா, கி, கீ’ என்று பாட்டாக ஒப்பிக்கிறான். நடுவில் ஓர் எழுத்தைச் சுட்டினால், முதலிலிருந்து பாடித்தான் விடை கூறுகிறான்.

247 எழுத்துகளையும் தனித்தனியே உருப்போட வேண்டியதில்லை. ‘ம்’ஓடு ‘ஆ’ சேர்ந்தால் ‘மா’ என்பது புரிந்தால், 216 உயிர்மெய்க்கும் வழி திறக்கும். ‘இம்’ என்று பெயர் சொல்லாமல், உதடு மூடி ‘ம்’ என்றே ஒலித்துக் காட்டுங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னே நிற்கும். ஓசையோ பின்னே வரும். பிள்ளைகள் பெரிதும் இடறுமிடம் இதுவே, இங்கே அவசரப்படாதீர்கள்.

ஆங்கிலத்திலும் ‘பி, ஐ, என்’ என்று எழுத்தின் பெயர்களைச் சேர்த்தால் ‘பின்’ வாராது. ‘ப், இ, ன்’ என்ற ஓசைகளைச் சேர்த்தால் வரும். இவ்விதிக்கு அடங்காத ஆங்கிலச் சொற்களும் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

‘ட, ப, ம, ம், ட்’ என்ற ஐந்தைக் கொண்டே ‘படம், மடம், பட்டம்’ எனப் படிக்கத் தொடங்கலாம். எழுதப் படிக்க அறியாத தாய்மாரும் பாட்டிமாரும் ஒதுங்கி நிற்க வேண்டா. ‘மஞ்சள், மாங்காய், முருங்கை மூன்றிலும் முதலில் வரும் ஓசை எது?’ என்று சமையலின் நடுவே கேட்கலாமன்றோ! வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு தமிழ்ச் சொற்களையும் சேர்த்தே தரும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பத்து நிமிடம் போதும். அந்நேரம் தொலைக்காட்சியை மட்டும் அணைத்து வையுங்கள்.