கொசுவை வளர்ப்பது யார்?



இன்று டெங்குக் காய்ச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. பெரிய படிப்புப் படித்தவனும் அல்ல. வைத்தியம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்து, என் புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டாம். வீட்டிற்குப் போய், உங்கள் தண்ணீர்த் தொட்டியில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டால், "அம்மன் குற்றம்", "கிரகக் கோளாறு" என்கிறார்கள் சிலர். கொஞ்சம் படித்தவர்களோ, "சேரியும் சாக்கடையுந்தான் காரணம்" என்கிறார்கள். முதற் கூட்டம் பழியைச் சாமிமேல் போடுகிறது. இரண்டாவது கூட்டம் ஏழைமேல் போடுகிறது. இரண்டு கூட்டமும் தன் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்ப்பதில்லை.

சங்கதி என்ன? காலில் வெள்ளை வரிகளுள்ள ஏடிஸ் என்னும் பெண் கொசு, நோயாளியைக் கடித்துச் சில நாள் கழித்து மற்றவரைக் கடிப்பதால்தான் டெங்கு பரவுகிறது. அது கடிப்பது பெரும்பாலும் பகலில். அது முட்டையிடுவது சாக்கடையில் அல்ல. நாம் சேர்த்து வைக்கும் தெளிந்த தண்ணீரில். தொட்டி, டிரம், ஆட்டுக்கல் குழி, கொல்லையில் கிடக்கும் டயர், கொட்டாங்கச்சி எல்லாம் அதற்குப் பிரசவ அறைதான். அக்கிரகாரத்துத் தவலை, சேரிப் பானை என்ற பேதம் மனிதனுக்கு உண்டே தவிர, கொசுவுக்குக் கிடையாது!

இதே கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புவது. 1881இல் கியூபா நாட்டு டாக்டர் கார்லோஸ் பின்லே கொசுவைக் குற்றஞ்சாட்டியபோது கேட்பாரில்லை. நோயாளியின் துணியில் நோய் ஒட்டியிருக்கிறதென்றே பலர் நம்பினார்கள். 1900இல் வால்ட்டர் ரீட் குழுவினர் அதைப் பரீட்சித்தார்கள். நோயாளிகளின் அழுக்குப் படுக்கையில் சிலர் பல இரவு படுத்துறங்கினார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. நோயாளியைக் கடித்த கொசு கடித்தவர்களில் பலருக்கு வந்தது. 1901இல் ஹவானா நகரத்தில் வீடுவீடாகக் கொசுவை ஒழித்தார்கள். மஞ்சள் காய்ச்சலும் ஒழிந்தது. அதை ஒழித்தது யாகமா, மந்திரமா?

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒருநாள் பாத்திரங்களைக் காலி செய்துவிட்டால் பூண்டோடு ஒழியும். ஆனால், கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமில்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும். நாரைக் கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு இறுக மூட வேண்டும். நேர்த்திக்கடனுக்குச் செலவிடும் காசில் டிரம்முக்கு ஒரு மூடி வாங்கலாமே!

"அப்படியானால் சர்க்காருக்கு வேலையில்லையா?" என்று கேட்கலாம். உண்டு. குழாயில் நாலு நாளைக்கொருமுறை தண்ணீர் விட்டால் ஜனங்கள் சேர்த்து வைக்காமல் என்ன செய்வார்கள்? தினம் தண்ணீர் கேட்க நமக்கு உரிமையுண்டு, கேளுங்கள். தமிழ்நாட்டில் 2012இலும் 2017இலும் 60 பேருக்கு மேல் டெங்குக்குப் பலியானதாகச் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. ஆனால், தண்ணீர் வரும்வரை தொட்டியைத் தேய்க்கமாட்டேன் என்பவன் சாவது சர்க்கார் வீட்டுப் பிள்ளையல்ல என்பதை நினைக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. டெங்குக் கிருமியைக் கொல்லத் தனி மருந்து இன்னும் கிடையாது. தக்க கவனிப்புத்தான் உயிரைக் காப்பது. கஞ்சி, மோர், இளநீர் ஏராளமாகக் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரை கொடுக்காதீர்கள். அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். மூன்றாம் நாளுக்குமேல் காய்ச்சல் இறங்கினால், "சாமி இறங்கிவிட்டது" என்று பொங்கல் வைக்கப் போகாதீர்கள். ஆபத்து வருவதே அப்பொழுதுதான்! கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், மிகுந்த சோர்வு, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மந்திரிக்கப் போகும் ஒரு மணி நேரம் பிள்ளையின் உயிராக இருக்கலாம்.

தோழர்களே! கொசுவைப் படைத்தது யார் என்ற விவாதத்தைப் புராணிகர்களுக்கு விட்டுவிடுங்கள். வளர்ப்பது நாம்தான். நாம் வளர்த்ததை நாமே ஒழிக்க முடியும். இன்றே போய்த் தொட்டியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.