இரவில் நகரைப் படம்பிடித்தல்

பகலில் நிழற்படம் எடுப்பது எளிது. வேண்டிய ஒளியைக் கதிரவனே தந்துவிடுகிறான். நாம் காமிராவின் கண்ணைத் திறந்து மூடினால் போதும். இரவில் எடுப்பதோ வேறு கலை. ஒளி குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணம் அன்று. இருக்கும் ஒளியும் ஓரிடத்தில் மிகுந்தும், மற்றோரிடத்தில் அறவே இன்றியும் கிடக்கிறது. விளக்கின் அடியில் நிற்பவன் முகம் துலங்கும். நான்கடி தள்ளி நிற்பவன் இருளோடு இருளாகிவிடுவான். இக்காலத்து மாணவர் பலர் கைப்பேசியிலேயே இரவுப் படங்கள் எடுக்கின்றனர். அவற்றுள் நல்லனவும் உள்ளன. ஆயினும், அப்படத்தில் என்ன பதிந்தது, என்ன பதியாமற் போயிற்று என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம். ஆதலால் நான் நெடுநாள் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்த திருப்பூர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பூரின் இரவு மற்ற ஊர்களின் இரவைப் போன்றதன்று. பின்னல் எந்திரங்கள் ஓடும் கூடங்களும், துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகளும் பல இடங்களில் இரவு பகல் இரண்டிலும் இயங்குவன. பனியன் கம்பெனிகளின் தையற்கூடங்களில் மாலையில் வேலை முடிய வேண்டும். ஆனால் சரக்குக் கப்பலேறும் நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் என்பார்கள், சில வேளை விடியவிடிய என்பார்கள். எனவே முன்னிரவு கடந்த பின்னும் மாடி மாடியாகக் குழல்விளக்குகள் எரியும். தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஒளி நிரம்பிய கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போலத் தோன்றும். இவ்வொளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1932-33 ஆம் ஆண்டுகளில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரமே கோயமுத்தூர் வட்டாரத்துப் பஞ்சாலைகள் பெருகுவதற்குத் துணைநின்றது. கொடி காத்த குமரன் அடிபட்டு உயிர் நீத்ததும் 1932 ஜனவரியில்தான். இந்த ஊரின் வரலாற்றில் அவ்விரண்டும் ஒரே காலத்தன என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இனிப் படத்துக்கு வருவோம். குழாயில் குடம் பிடிப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிறையும். சிறிதே திறந்தால் நெடுநேரம் ஆகும். லென்ஸின் துளை அந்தக் குழாய். காமிராவின் கண் திறந்திருக்கும் காலமே குடத்தை வைத்திருக்கும் காலம். பெரிய குடத்துக்குப் பதிலாகச் சிறிய செம்பை வைத்தாலும் விரைவில் நிறைந்துவிடும். ஐ.எஸ்.ஓ. என்னும் எண்ணை உயர்த்துவது அத்தகையது. ஆனால் செம்பில் கிடைப்பது கொஞ்சம் நீரே. ஒளி கொஞ்சமாக இருக்கும்போது படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். ஆகவே தூய்மையான இரவுப் படம் வேண்டுவோர் காமிராவை டிரைபாட் மீது அசையாமல் நிறுத்தி, துளையைச் சிறிதாக்கி, பத்து நொடி, இருபது நொடி, முப்பது நொடி என்று கண்ணைத் திறந்து வைக்கின்றனர். தெருவிளக்குகள் நட்சத்திரம் போலக் கதிர் விரித்துத் தோன்றுவதும் இம்முறையிலேயே. ஒளி சிறு துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் அக்கதிர்கள் உண்டாகின்றன. துளையை அமைக்கும் தகடுகள் ஆறு இருந்தால் கதிர்கள் ஆறு. ஏழு இருந்தால் பதினான்கு. இரட்டை எண்ணுக்கும் ஒற்றை எண்ணுக்கும் இந்த வேறுபாடு ஏன் என்பதை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் நடக்கிறார். அவர் உடலின் அகலம் அரை மீட்டர். அப்படியானால் எந்த ஓரிடத்தையும் அவர் மறைத்து நிற்பது 0.4 நொடி. காமிராவின் கண்ணோ இருபது நொடி திறந்திருக்கிறது. அந்த இடத்தில் பதியும் ஒளியில் ஐம்பதில் ஒரு பங்குதான் அவருடையது. மற்ற நாற்பத்தொன்பது பங்கும் அவருக்குப் பின்னுள்ள சுவருக்கும் சாலைக்கும் உரியது. முடிவு என்ன? சுவர் பதியும், சாலை பதியும், ஆள் பதியமாட்டார். அவர் மொபெட்டில் சென்றால் பின்விளக்கு செந்நிறக் கோடாகப் பதியும். ஓட்டிச் சென்றவர் இரார்.

இது புதிய செய்தியன்று. 1838 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அகன்ற வீதி ஒன்றை டாகேர் என்பவர் படம் எடுத்தார். அது பகற்பொழுதுதான். ஆனால் அக்காலத்துத் தகடு ஒளியை ஏற்கச் சில நிமிடங்கள் ஆயின. வண்டியும் குதிரையும் மக்களும் நிறைந்திருந்த அவ்வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையில் ஒருவர் மட்டும் நிற்கிறார். காலணிக்கு மெருகிட்டுக்கொள்வதற்காக அசையாமல் நின்றவர் அவர். நிழற்படத்தில் பதிந்த முதல் மனிதர்களுள் ஒருவராக அவரைச் சொல்கின்றனர்.

எங்கள் பள்ளியில் மாணவர் எடுத்த படங்களைக் கொண்டு ஒருமுறை கண்காட்சி வைத்தோம். அதில் ஒரு மாணவன் எடுத்த இரவுப் படம் எல்லாரையும் கவர்ந்தது. அவன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. கம்பெனிகளின் சன்னல்கள் பொன்னாய் ஒளிர, நடுவே சாலை பளிங்குபோல் கிடந்தது. படத்தின் கீழே எடுத்த நாளும் மணியும் எழுதச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை இரவு ஒன்பதரை என்று எழுதியிருந்தான். மாணவி ஒருத்தியின் தாயார் அதன் முன் நெடுநேரம் நின்றார். கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். பிறகு என்னிடம் வந்து, "ஏனுங்க சார், சம்பளம் வாங்கிட்டு அந்த நேரத்துல நாங்க அத்தனை பேரும் அந்த ரோட்டுலதானுங்க வந்தோம். ஒருத்தரைக்கூடக் காணோமுங்களே?" என்று கேட்டார்.

குறைசொல்லும் குரலன்று அது. உண்மையிலேயே வியந்து கேட்டார். அம்மாணவன் ஐம்பதில் ஒரு பங்கு என்ற கணக்கை அவருக்குப் பணிவாக விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நின்னாத்தான் விழுவோமுங்களா?" என்றார். அங்கிருந்தோர் சிரித்தனர். எனக்கு அக்கேள்வி சிரிப்பாகப் படவில்லை. நின்றால் கூலி குறையும் வாழ்க்கை அவருடையது. சனிக்கிழமை இரவு திருப்பூரில் வாரக்கூலி கையில் சேரும் இரவு. அன்று கடைத்தெருவெல்லாம் நெருக்கடியாக இருக்கும். காய், மளிகை, பிள்ளைக்கு ஒரு சட்டை என்று வாங்கிக்கொண்டு மக்கள் வீடு திரும்புவர். அப்படிப்பட்ட இரவைப் படம் பிடித்து அதில் ஓர் ஆளும் இல்லை என்றால், அந்தப் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை முழுவதையும் சொல்லவுமில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவன் தெருவிலேயே இறங்கி நின்றான். துளையை அகலத் திறந்தான், ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600-க்கு உயர்த்தினான். காலத்தை அறுபதில் ஒரு நொடியாகக் குறைத்தான். படத்தில் மணற்புள்ளிகள் இருந்தன. நட்சத்திரக் கதிர்கள் இல்லை. வானமும் கருத்துப் போயிற்று. ஆனால் மளிகைக் கடையின் விளக்கொளியில் பையைத் தோளில் மாட்டிய பெண்கள் நால்வர் பேசிக்கொண்டு வருவது தெளிவாகப் பதிந்தது. இரண்டு படங்களையும் அருகருகே மாட்டினோம். முதற்படமே அழகு என்று இன்றும் பலர் சொல்வர். நான் இரண்டாவதன் பக்கம் இருப்பவன்.

கைப்பேசி வைத்திருப்போர் இக்கணக்கு நமக்கில்லை என்று எண்ண வேண்டா. அதன் இரவு முறை பல சிறு படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது. நின்றவை கூர்மையாகும், நடந்தவர்கள் அங்கும் தேய்ந்தே போவர்.

இரவு நகரைப் படம் எடுத்தோருள் பெரும்புகழ் பெற்றவர் பிராசாய். 1930-களின் தொடக்கத்தில், பைக்காராவின் மின்சாரம் நம் பக்கம் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், பாரிஸின் இரவைப் பற்றி அவர் படநூல் ஒன்றை வெளியிட்டார். அவரும் நெடுநேரம் கண்ணைத் திறந்து வைத்தவரே. சிகரெட் எரியும் நேரத்தைக் கொண்டு காலத்தை அளந்தார் என்பர். (மாணவர்கள் கைக்கடிகாரத்தைப் பயன்படுத்துக.) ஆனால் அவர் ஆட்களை விட்டுவிடவில்லை. மழையில் நனைந்த கற்சாலையை எடுத்தவரே, தெருவில் வேலை செய்வோரையும், விடுதிகளில் அமர்ந்திருப்போரையும் பேசி இணங்கச் செய்து, அவர்களை நிற்க வைத்தும் படம் எடுத்தார்.

விளக்கலங்காரங்களை எடுப்பதிலும் காலமே பெரிது. அவிநாசியில் சித்திரைத் தேர், திருப்பூரில் வைகாசித் தேர் என்று திருவிழா வந்தால் சீரியல் விளக்குகளால் மயிலும் யானையும் சாமி உருவங்களும் அமைப்பார்கள். விளக்குகளைச் சில வரிசைகளாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக எரியச் செய்வதால் மயில் தோகை விரிப்பதாக நம் கண் காண்கிறது. இரண்டு நொடி திறந்து வைத்தால் எல்லா வரிசையும் ஒருங்கே பதிந்து, மயில் விளக்குக் குவியலாகிவிடும். மிகக் குறைத்தால் வேறொரு தொல்லை. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி உடையது. அதனால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கின்றன. ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்தால் படத்தில் கருங்கோடுகள் குறுக்கே ஓடுவதைக் காணலாம். ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகும். மைசூர் அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும்போது எடுப்பது இதைவிட எளிது. அங்கே விளக்கும் ஓடுவதில்லை, பார்ப்போரும் அசையாமல் வியந்து நிற்கின்றனர்.

வானிலிருந்தும் இரவுப் படங்கள் எடுக்கப்படுகின்றன. தீபாவளி இரவில் இந்தியா என்று ஒரு வண்ணப்படம் ஆண்டுதோறும் கைப்பேசிகளில் உலவுவதைக் கண்டிருப்பீர்கள். அது தீபாவளிப் படமே அன்று. பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை ஒன்றுசேர்த்து, 1992-க்கு முன்பே இருந்த விளக்குகளை வெண்மையாகவும், பின்னர் 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் தோன்றியவற்றை நீலம், பச்சை, சிவப்பு எனவும் வண்ணமிட்டுக் காட்டிய அறிவியற் படம் அது. 2012 நவம்பரில், தீபாவளியை ஒட்டி, நாசா நிறுவனத்தார் உண்மையான படத்தை வெளியிட்டனர். அதில் பண்டிகையின் மிகையொளி கண்ணுக்குப் புலப்படும் அளவில் இல்லை. அகல்விளக்கு எத்தனை ஏற்றினாலும், நகரங்கள் நாள்தோறும் எரிக்கும் மின்விளக்கின் முன் அது சிறிது.

திருப்பூரிலோ தீபாவளி இரவு ஒளி குறைகிற இரவு என்றே சொல்வேன். போனஸ் வாங்கியதும் தென்மாவட்டத்தார் பேருந்திலும் ரயிலிலும் ஊர் செல்கின்றனர்; கம்பெனிகள் பூட்டப்படுகின்றன; மாடிச் சன்னல்கள் கருத்து நிற்கின்றன. வானவேடிக்கையை எடுக்கக் காமிராவோடு மாடியேறுவோர் அந்த இருண்ட சன்னல்களையும் ஒரு படம் எடுத்து வைக்கலாம். 2012 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் எடுத்த படங்களில் இதற்கு மாறான காட்சி இருக்கும். ஜெனரேட்டர் வைத்த கம்பெனிகள் ஒளிர்ந்தன. அங்கு வேலை செய்வோர் குடியிருந்த லைன் வீடுகள் இருளில் கிடந்தன. 2020 மார்ச் இறுதியில் பொது முடக்கம் வந்தபோது கம்பெனி விளக்குகளும் அணைந்தன. நாளும் மணியும் குறித்து வைத்தால் இத்தகைய படங்கள் பின்னாளில் வரலாற்று ஆசிரியருக்கு உதவும்.

நொய்யல் பாலத்திலிருந்து எடுப்போருக்கும் ஒரு சொல். இரவில் அந்த ஆற்று நீரில் விளக்குகளின் நிழல் நீண்டு விழுவது அழகாக இருக்கும். ஆனால் இரவு நீரின் நிறத்தைக் காட்டாது. சாயக்கழிவு கலந்து அந்த ஆறு பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதையும் அறிந்தவர்கள், அதே இடத்தில் பகலிலும் ஒரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்து வைப்பது நல்லது.

இறுதியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். கதிரவன் மறைந்ததும் வானம் கருநீலமாக இருக்கும் சில நிமிடங்களே மிக நல்ல பொழுது. நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் அந்தி விரைவில் கழிந்துவிடும்; இருபது நிமிடத்துக்கு மேல் எண்ண வேண்டா. வேலை முடிந்து வரும் பெண்களைக் கேளாமல் எடுக்கலாகாது. முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது அதனினும் கூடாது. "படம் எடுத்துக்கலாமுங்களா அக்கா?" என்று கேட்டால் பலர் வேண்டாம் என்பர், சிலர் சரி என்பர். டிரைபாட் இல்லாதவர்கள் தேநீர்க் கடை அருகே நிற்கட்டும். அங்கு விளக்கு இருக்கும். நடந்து வந்தவர் அங்கே நிற்பார். கண்ணாடித் தம்ளரை வாயருகே கொண்டுபோய் அவர் ஊதி ஆற்றுவதற்கு ஒரு நொடியாவது ஆகும். அந்த ஒளியில் முப்பதில் ஒரு நொடி கிடைத்தாலே அவர் முகம் பதிந்துவிடும்.