நிலந்தொட்ட பின்னும்

ஆகாயவிமானத்தின் சக்கரங்கள் நிலத்தைத் தொட்டவுடன் அபாயம் நீங்கிற்று என்று பயணிகள் ஆறுதலடைவர். விமானியோ அப்போதுதான் மிகவும் கருத்தாயிருத்தல் வேண்டும். சிறிய விமானங்களுக்கு நேரும் விபத்துகளுட் பல, தரையிறங்கும் அந்தச் சில வினாடிகளிலேயே நேருகின்றன.

எயர் சிலோன் நிறுவனம் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் தேதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையைத் தொடங்கிற்று. அதற்குப் பயன்பட்டவை டக்ளஸ் டி.சி. 3 விமானங்கள், இன்றைய அளவில் அவை சிறியனவே. அவற்றுள் ஒன்று 1949 டிசெம்பர் 21ஆந் தேதி திருச்சிராப்பள்ளியில் தரையிறங்குகையில், மீண்டும் பறக்க இயலாதவாறு சிதைந்தது. நல்வினைப்பயனாக அதில் இருந்தோர் அனைவரும் உயிர் பிழைத்தனர்.

அவ்வகை விமானத்திற்கு இறக்கைகளின் கீழ் இரு பெருஞ் சக்கரங்களும், வாலின் கீழ் ஒரு சிறு சக்கரமும் உண்டு. பாரத்தின் மையம் பெருஞ் சக்கரங்களுக்குப் பின்னே அமைந்திருக்கும். ஓடும்போது மூக்குச் சற்றே கோணினாலும், பின்பாரம் முன்னே வர முந்தும். கோணல் பெருகி விமானமே சுழன்றுவிடும். பிற்காலத்தில் சிறு சக்கரம் மூக்கின் கீழ் வந்தது. பாரமும் பெருஞ் சக்கரங்களுக்கு முன்னே அமைந்தது. அதனால் நேராக ஓடும் இயல்பு மிகுந்தது.

ஆயினும் காற்று இருக்கிறதே! பக்கத்திலிருந்து வீசும் காற்று வாலைத் தள்ளி, மூக்கைத் தன் திசைக்குத் திருப்பும். அதைத் தடுப்பது வாலிலுள்ள சுக்கான். விமானத்தின் வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலிமையும் குறையும், காற்றோ தணிவதில்லை. ஆதலால், விமானம் முற்றாக நிற்கும் வரை விமானி காலைத் தளர்த்தலாகாது. அளவுக்கு மிஞ்சித் திருத்தினால் மறுபக்கம் பாயும்.

நெளுக்குளத்து வயல்களில் நெல் தூற்றிய நம் முன்னோர் காற்றின் திசையறிந்தே நின்றனர். ஓடுபாதை அமைப்போரும் அவ்வாறே செய்கின்றனர். பலாலி, இரத்மலானை, கட்டுநாயக்க ஓடுபாதைகள் வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கின்றன. நம் இரு பருவக்காற்றுகளும் வீசும் திசைகள் அவையே. காற்றை எதிர்த்து இறங்குவதே விமானத்திற்கு நன்று. ஆனால் இடிமழை வேளையில் காற்று திசைமாறும், ஓடுபாதை மாறாது.

இறக்கம் செம்மையாக அமையவில்லையெனில், முழு விசை கொடுத்து மீண்டும் மேலெழுந்து, சுற்றிவந்து இறங்குதலே முறை. இதைக் கண்டு பயணிகள் சிலர் விமானியின் திறமையை ஐயுறுகின்றனர். காலதாமதம் என்று முணுமுணுக்கின்றனர். அம்முணுமுணுப்புக்கு அஞ்சி ஒரு விமானி தவறான இறக்கத்தைப் பிடிவாதமாகத் தொடர்ந்தால், அதன் விலை நம் உயிராகவும் இருக்கலாம். இறங்காமல் எழுந்து செல்லும் விமானியைக் குறைகூறாதிருப்போம். அவர் செய்வது நம்மைக் காக்கும் காரியம்.